ஆஃப்ரோடு வண்டி பிரேமுக்கு பவுடர் கோட்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாறை, சேறு, ஓடைத் தண்ணீர் என்று எங்கும் இறங்கி ஏறும் வண்டிகளின் பிரேமை உரித்துச் சீர்செய்து பவுடர் கோட்டிங் போடுவது என் தொழில். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு கோட்டிங் எத்தனை நாள் நிற்கும் என்பது பவுடர் பெட்டியைத் திறக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் தயாரிப்பு வேலை பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துப் படியுங்கள்.

1. பவுடர் கோட்டிங்னா என்னங்க? பெயின்ட்டை விட இதுல என்ன விசேஷம்?

பெயின்ட்டில் பிசினும் நிறமும் தின்னர் போன்ற ஒரு கரைப்பானில் கலந்திருக்கும். அடித்த பிறகு கரைப்பான் ஆவியாகிப் போய், மிச்சம் படலமாக நிற்கும். பவுடரில் கரைப்பானே கிடையாது. பிசின், நிறமி, கடினமாக்கும் பொருள் எல்லாவற்றையும் உருக்கிக் கலந்து, ஆறவைத்து, மாவாக அரைத்திருப்பார்கள். அந்தத் தூளுக்கு, அதைத் தெளிக்கும் கன் முனையில் பல்லாயிரம் வோல்ட் மின்னேற்றம் கொடுத்து, எர்த் செய்த பிரேம் மேல் ஊதினால் அப்படியே போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஓவனில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது உருகிப் பரவி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகும். இதைத்தான் க்யூர் ஆவது என்கிறோம். ஒருமுறை க்யூர் ஆனபின் மறுபடி சூடாக்கினாலும் உருகாது.

ஒரே கோட்டில் 60 முதல் 80 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை தடிமன் கிடைக்கிறது. ஓவனிலிருந்து எடுத்து ஆறியதுமே அதன் முழு உறுதி வந்துவிடும். பெயின்ட் மாதிரி நாள்கணக்கில் காயவைக்க வேண்டியதில்லை.

2. பாறையில உரசுற வண்டிக்கு இது உண்மையிலேயே தாங்குமா?

சக்கரம் எற்றும் சிறுகல், மண், சேறு, செடி முள், உப்புத் தண்ணீர் இதெல்லாம் தாங்கும். வண்டியின் முழு எடையும் ஒரு பாறை விளிம்பில் இறங்கி இழுபட்டால் தாங்காது. அந்த இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது, இரும்பே வழிக்கப்படும். ஆகவே "கீறலே விழாதா" என்று கேட்பதைவிட "கீறல் விழுந்த இடத்திலிருந்து துரு எவ்வளவு தூரம் பரவும்" என்று கேட்பதுதான் சரி.

நன்றாகத் தயார்செய்த இரும்பில் கீறல் விழுந்தால், துரு அந்தக் கீறலோடேயே நெடுநாள் நிற்கும். தயாரிப்பு மோசமென்றால் தண்ணீர் படலத்துக்கு அடியில் ஊர்ந்துபோகும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே உள்ளங்கை அளவுக்குத் துரு பிடித்திருக்கும். ஒருநாள் நகத்தால் நெம்பினால் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வரும். பவுடர் கோட்டிங்கைப் பற்றி வரும் கெட்ட பெயரில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான்.

3. எபாக்ஸி, பாலியெஸ்டர்னு ஏதேதோ சொல்றாங்களே, எதைப் போடச் சொல்லணும்?

இரண்டும் பவுடரில் இருக்கும் பிசின் வகைகள். எபாக்ஸி இரும்பைக் கெட்டியாகப் பிடிக்கும், துருவையும் ரசாயனத்தையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் வெயில் ஆகாது. சில மாதங்களிலேயே மேலே சுண்ணாம்பு பூத்தது மாதிரி வெளுத்துவிடும். பாலியெஸ்டர் வெயிலைத் தாங்கும், துருத் தடுப்பில் எபாக்ஸிக்கு ஒரு படி கீழே. இரண்டையும் கலந்த ஹைப்ரிட் வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கானது, பிரேமுக்கு வேண்டாம்.

பிரேமுக்கு நான் எப்போதும் சொல்வது இரண்டு கோட்: கீழே துத்தநாகம் கலந்த எபாக்ஸி பிரைமர், மேலே பாலியெஸ்டர். கீறல் இரும்பு வரைக்கும் போனாலும் பிரைமரில் இருக்கும் துத்தநாகம் முதலில் தன்னை அரிக்கக் கொடுத்து இரும்பைக் கொஞ்ச காலம் காப்பாற்றும். செலவைக் குறைக்க நினைத்தால் நிறத்திலோ பளபளப்பிலோ குறையுங்கள். பிரைமரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

4. அனுப்பறதுக்கு முன்னாடி எதையெல்லாம் கழட்டணும்?

200 டிகிரியில் கெட்டுப்போகும் எல்லாவற்றையும். ரப்பர் புஷ், ஆயில் சீல், பேரிங், ஒயரிங், பிளாஸ்டிக் கிளிப், பிரேக் குழாய், எரிபொருள் குழாய், பால் ஜாயின்ட் எதுவும் இருக்கக் கூடாது. புஷ்ஷை அழுத்தி எடுத்த பிறகு உள்ளே ஒட்டியிருக்கும் ரப்பர் துண்டையும் சுரண்டிவிடுங்கள். ஓவனில் அது புகைந்து பக்கத்துப் பாகங்களின் பூச்சையும் கெடுக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பரும், எரிபொருள் டேங்கும் எந்தக் காரணத்துக்காகவும் ஓவனுக்குள் போகக் கூடாது. வெடிக்கும். மூடியிருக்கும் குழாய்களும் கவனிக்க வேண்டியவை. உள்ளே காற்று மட்டும் என்றால் 200 டிகிரியில் அழுத்தம் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே ஏறும், அவ்வளவுதான். ஒரு கரண்டி தண்ணீர் தங்கியிருந்தால் நிலைமையே வேறு. அந்தச் சூட்டில் நீராவியின் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 15 மடங்கு. அடைபட்ட குழாய் எதுவானாலும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் ஒரு சிறு துளை போட்டு, கவிழ்த்து வடித்த பிறகே அனுப்புங்கள்.

5. பழைய பெயின்ட் நல்லாத்தான் இருக்கு. வயர் பிரஷ் போட்டு தேச்சுட்டு அதுமேலேயே அடிச்சா என்ன?

கூடாது. பழைய பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது, பவுடர் சரியாக உட்காராது. உட்கார்ந்தாலும் ஓவன் சூட்டில் அடிப் பெயின்ட் கொப்புளித்து மேலே உள்ளதையும் தூக்கிவிடும். வயர் பிரஷ் துருவை எடுப்பது மாதிரி தெரியும், உண்மையில் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுப் போகும். பள்ளத்துக்குள் இருக்கும் துரு அப்படியே இருக்கும்.

முழு பிளாஸ்டிங்தான் வழி, அதாவது கரடுமுரடான சிறு மணிகளை அழுத்தக் காற்றால் வேகமாக அடித்து இரும்பைச் சுத்தமாக்குவது. ஐஎஸ்ஓ 8501 தரத்தில் "எஸ்ஏ 2½" என்று ஓர் அளவு உண்டு. கிட்டத்தட்ட வெள்ளி நிறத்துக்கு இரும்பு வர வேண்டும், மிச்சம் இருந்தால் லேசான நிழல் மாதிரி கறை மட்டும்தான் இருக்கலாம் என்று பொருள். பட்டறையில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கார்னெட், அலுமினியம் ஆக்சைடு, ஸ்டீல் கிரிட் போன்றவை இரும்பில் 40 முதல் 75 மைக்ரான் வரை ஆழமுள்ள சொரசொரப்பை உண்டாக்கும். பிரைமர் பிடித்துத் தொங்குவது அந்தச் சொரசொரப்பில்தான். சாதாரண மணலால் அடிக்க விடாதீர்கள். அதன் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்ற தீராத நோயைக் கொடுக்கும்.

பிளாஸ்டிங்குக்கு முன்னால் கிரீஸ், எண்ணெய் கழுவுவது முக்கியம். எண்ணெய்மேல் அடித்தால் மணிகள் அதை இரும்புக்குள்ளேயே குத்தி இறக்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது.

6. பிளாஸ்டிங் முடிஞ்சு ரெண்டு நாள் வெச்சிருந்து கோட்டிங்குக்கு குடுத்தா பரவாயில்லையா?

அப்படி வைக்கவே கூடாது. பிளாஸ்ட் செய்த இரும்பு பச்சைப் புண் மாதிரி. ஈரப்பதம் அதிகமான நாளில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூத்துவிடும். அன்றே முதல் கோட் போய்விட வேண்டும். பிளாஸ்டிங் ஓர் இடம், கோட்டிங் ஓர் இடம் என்று பிரித்துக் கொடுக்கும்போது இந்த இடைவெளியில்தான் வேலை கெட்டுப்போகிறது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் இடமாகப் பாருங்கள்.

வெறுங்கையால் தொடவும் கூடாது. ஒரு பிரேம் ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது. நடு குறுக்குச் சட்டத்தில் மட்டும் நான்கு நீளக் கொப்புளங்கள், வரிசையாக. கையை வைத்துப் பார்த்தேன், விரல்கள் பொருந்தின. தூக்கி மாட்டியவரின் வியர்வை உப்பு பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டு அங்கேயே வேலையைத் தொடங்கியிருக்கிறது. அதிலிருந்து சுத்தமான கையுறை இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடுவதில்லை.

7. பாஸ்பேட்ல முக்கி எடுக்கணும்னு ஒருத்தர் சொன்னார். பிளாஸ்டிங் இருக்கும்போது அதுவும் வேணுமா?

இருந்தால் நல்லது. பாஸ்பேட் இரும்பின் மேல் நுண்ணிய அடுக்கு ஒன்றை வளர்க்கும். 2-ஆம் பதிலில் சொன்ன அந்த ஊர்ந்துபோகும் துருவை அது தடுக்கும். இரும்பு பாஸ்பேட்டை விட துத்தநாக பாஸ்பேட் மேல். ஆனால் முழு பிரேமையும் முக்கும் தொட்டி எல்லா இடத்திலும் இருக்காது. நல்ல பிளாஸ்டிங்கும் துத்தநாக பிரைமரும் இருந்தால் பாஸ்பேட் இல்லாமலும் பிரேம் நன்றாக நிற்கும். பாஸ்பேட் செய்தோம் என்று சொல்லி பிளாஸ்டிங்கைத் தவிர்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

8. எல்லா இடமும் நல்லா இருக்கு, பிராக்கெட் ஓரத்துலயும் வெல்டிங் பக்கத்துலயும் மட்டும் உரியுதே, ஏன்?

மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது கூர்மையான விளிம்பு. பவுடர் உருகும்போது அதன் மேற்பரப்பு இழுவிசை அதை விளிம்பிலிருந்து உள்பக்கமாக இழுத்துவிடும். தட்டையில் 70 மைக்ரான் இருக்கும்போது விளிம்பில் அதில் பாதிகூட இருக்காது. வெட்டிய எல்லா ஓரத்தையும் விரல் ஓட்டினால் வழுக்கும்படி, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டிவிட வேண்டும்.

இரண்டாவது பலருக்குத் தெரியாது. ஆக்சிஜன் வைத்து லேசரில் வெட்டிய தகட்டின் வெட்டு முகத்தில் மெல்லிய ஆக்சைடு ஓடு ஒன்று இருக்கும். பார்க்க வழுவழுப்பாக, சாம்பல் நீலமாக, நல்ல இரும்பு போலவே தெரியும். பூச்சு அந்த ஓட்டைக் கெட்டியாகப் பிடிக்கும், ஓடு இரும்பைப் பிடிக்காது. ஒருமுறை இப்படி உரிந்த ஒரு நாடாவைத் திருப்பிப் பார்த்தபோது அதன் முதுகில் அந்த நீல ஓடு முழுதாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பவுடரில் எந்தக் குறையும் இல்லை. வெட்டு முகங்களை கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது வெல்டிங் கசடு. மிக் வெல்டிங் மேல் கண்ணாடித் துணுக்கு மாதிரி பழுப்பாகச் சில புள்ளிகள் தங்கும். அது சிலிக்கேட், மின்சாரம் கடத்தாது, பூச்சும் நிற்காது. தெறித்த மணிகளையும் இதையும் உளியால் தட்டி எடுத்த பிறகே பிளாஸ்டிங்.

9. குழாய்க்கு உள்ளேயும் பவுடர் போகுமா?

போகாது. மின்னேற்றம் பெற்ற தூள் வழியில் கிடைக்கும் முதல் எர்த்தில் ஒட்டிவிடும். குழாய் வாயிலிருந்து விட்டம் அளவு தூரம் உள்ளே போனால் அதிகம். பெட்டி வடிவப் பிரேம்கள் உள்ளிருந்து வெளியே அரிக்கப்படுவதற்கு இதுவே காரணம். வெளியே புத்தம் புதிதாக இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் உள்ளே இறங்கும்.

கோட்டிங் முடிந்து பிரேம் முழுக்க ஆறிய பிறகு, 360 டிகிரி தெளிக்கும் முனையுள்ள நீளக் குழாயால் உள்பக்கம் கேவிட்டி வேக்ஸ் என்ற துருத் தடுப்பு மெழுகை அடியுங்கள். முன்பே அடித்தால் ஓவனில் உருகி வழிந்து பூச்சைக் கெடுக்கும். அடித்த பிறகு வடிகால் துளைகள் மூடிக்கொள்ளவில்லையா என்று ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். சேற்றில் ஓடும் வண்டிக்கு இந்த வேலை வெளிப்பூச்சுக்குச் சமமான முக்கியத்துவம் உள்ளது.

10. நாலு பக்கம் மூடின மூலையில பவுடர் ஒட்டவே மாட்டேங்குது, என்ன பண்றது?

இதற்கு ஃபாரடே கூண்டு விளைவு என்று பெயர். மின்புலக் கோடுகள் மூலைக்குள் நுழையாமல் விளிம்புகளிலேயே முடிந்துவிடும், தூளும் அவற்றின் பின்னால் போய்விடும். வோல்டேஜை ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். குறைக்க வேண்டும். காற்றின் வேகத்தையும் குறைத்து, மூலைகளை முதலில் அடித்துவிட்டு, அதன் பிறகு திறந்த பரப்புக்கு வாருங்கள்.

எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தொங்கவிடும் கொக்கியில் பழைய பூச்சு மொத்தமாக ஏறியிருந்தால் எர்த் போயிருக்கும். எர்த் தடை 1 மெகாஓமுக்குள் இருக்க வேண்டும். இது நல்ல பூச்சுக்கு மட்டுமல்ல, பாதுகாப்புக்கும்தான். எர்த் இல்லாத பாகத்தில் சேரும் மின்னேற்றம் பொறியாகப் பாயும், காற்றில் மிதக்கும் பவுடர் தீப்பிடிக்கக் கூடியது.

11. எந்தெந்த இடத்தை மறைக்கணும்? எல்லா இடத்துலயும் பூச்சு இருந்தா நல்லதுதானே?

போல்ட் போட்டு இறுக்கும் முகங்களில் பூச்சு இருக்கவே கூடாது. சஸ்பென்ஷன் மவுன்ட், ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடம், ரோல் கேஜ் பாதத் தகடு எல்லாம் இதில் சேரும். இறுக்கும்போது நடுவில் இருக்கும் பூச்சு பிளாஸ்டிக் மாதிரி மெல்ல நசுங்கி ஒதுங்கும். 70 மைக்ரான் பூச்சு இரண்டு முகத்திலும் இருந்தால் அதுவே 0.14 மில்லிமீட்டர். அது நசுங்க நசுங்க போல்ட்டின் இழுவிசை குறைந்து ஜாயின்ட் தளரும். ஸ்டீயரிங் பாக்ஸ் தளர்வது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

திரெட்டுகள், புஷ்ஷும் பேரிங்கும் அழுத்தி உட்காரும் உள்வட்டங்கள், பேட்டரி எர்த் ஒயர் மாட்டும் இடம் ஆகியவற்றையும் மறைக்க வேண்டும். ஓட்டைகளுக்கு சிலிகோன் அடைப்பான், தட்டைகளுக்குச் சூடு தாங்கும் பச்சை நிற பாலியெஸ்டர் டேப். காகித மாஸ்கிங் டேப் ஓவனில் கருகி, பசை இரும்பிலேயே தங்கிவிடும். மறைத்து எடுத்த முகங்களில் மாட்டும்போது மெல்லியதாகத் துருத் தடுப்பு கிரீஸ் தடவுங்கள்.

சேஸிஸ் எண்ணை மறந்துவிடாதீர்கள். பிளாஸ்டிங்கில் தேய்ந்து போனாலோ, கெட்டிப் பூச்சில் மறைந்து போனாலோ, வண்டியின் அடையாளத்தையே நிரூபிக்க முடியாமல் போகும். பிளாஸ்டிங்குக்கு முன்பே அதைத் தனியாக மூடி, போட்டோவும் எடுத்துவையுங்கள்.

12. தடிமனா போட்டா இன்னும் நல்லா தாங்கும் இல்ல?

ஓர் அளவு வரைக்கும். பிரைமர் 60 முதல் 80, மேல் கோட் 60 முதல் 80, மொத்தம் 120 முதல் 160 மைக்ரான் என்பது நல்ல கணக்கு. அதற்கு மேல் ஏற்றினால் அடிபடும்போது சில்லாகத் தெறிக்கும். ஆரஞ்சுத் தோல் போல் மேடுபள்ளம் வேறு வரும். ஏற்கெனவே ஒட்டிய தூள் மின்னேற்றத்தைப் பிடித்துவைத்து, புதிதாக வரும் தூளைத் தள்ளுவதால் வரும் கோளாறு அது.

எடை கூடுமா என்று பந்தய வண்டிக்காரர்கள் கேட்பார்கள். 5 சதுர மீட்டர் பரப்புள்ள பிரேமில் 70 மைக்ரான் பூச்சு ஏறக்குறைய அரை கிலோ. இரண்டு கோட்டுக்கு ஒரு கிலோ.

13. பிரைமர் நல்லா பிடிச்சிருக்கு, ஆனா மேல் கோட் மட்டும் தகடு தகடா பெயர்ந்து வருது. எப்படி?

பிரைமரை முழுதாக க்யூர் செய்திருப்பார்கள். முழுக்க க்யூர் ஆன எபாக்ஸியில் மேல் கோட் பின்னிக்கொள்ள எந்தக் கைப்பிடியும் மிச்சமிருக்காது. பிரைமர் உருகிப் பரவி, கொஞ்சம் கெட்டிப்பட்டதும், அரை வேக்காட்டில் எடுத்து மேல் கோட்டை அடித்து, இரண்டையும் சேர்த்து முழுதாக க்யூர் செய்ய வேண்டும். எத்தனை நிமிடம் என்பது அந்தப் பவுடரின் தகவல் தாளில் இருக்கும். கைதவறி முழுதாக க்யூர் ஆகிவிட்டால், பிரைமரை லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் மேல் கோட் அடிக்கக் கூடாது.

14. ஓவன்ல 200 டிகிரி, 20 நிமிஷம் கரெக்டா வெச்சேன். ஆனாலும் கல்லு பட்டா சில்லு சில்லா போகுது.

ஓவன் மீட்டர் காட்டுவது காற்றின் சூடு. தகவல் தாளில் "200 டிகிரியில் 10 நிமிடம்" என்று எழுதியிருந்தால் அது இரும்பு 200 டிகிரியைத் தொட்டதிலிருந்து 10 நிமிடம். மெல்லிய குழாய் சீக்கிரம் சூடேறும். 8 மில்லிமீட்டர் தகடு வெகு நேரம் எடுக்கும். நீங்கள் வைத்த 20 நிமிடத்தில் பெரும்பகுதி தகடு சூடேறுவதிலேயே போயிருக்கலாம். பார்வைக்குப் பளபளப்பு வந்துவிடும், ஆனால் உள்ளே பின்னல் முடிந்திருக்காது. பிரேமின் மிகத் தடித்த இடத்தில் சென்சார் வைத்து அளந்து, அந்த இடத்துக்கு ஏற்ப நேரத்தைக் கணக்கிடுங்கள்.

சந்தேகம் இருந்தால் எம்ஈகே என்ற கரைப்பானில் நனைத்த துணியால் மறைவான இடத்தில் 50 முறை முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் நன்றாக ஏறினாலோ, இடம் மிருதுவாகி நகம் பதிந்தாலோ வேகவில்லை என்று அர்த்தம். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

15. அவ்வளவு சூட்டுல இரும்போட பலம் குறைஞ்சிடாதா?

சாதாரண இரும்புக் குழாய்க்கும் 4130 குரோமோலி குழாய்க்கும் 200 டிகிரி ஒன்றுமே இல்லை. அலுமினியப் பாகங்களில் கவனம் வேண்டும். 6061-டி6 வகையை ஆலையிலேயே ஏறக்குறைய 160 முதல் 180 டிகிரியில் வைத்துத்தான் பலமேற்றுகிறார்கள். 200 டிகிரியில் ஒருமுறை குறைந்த நேரம் வைப்பது பொதுவாக நடப்பதுதான். உரித்து, மறுபடி போட்டு, மறுபடி உரித்து என்று பலமுறை ஓவனில் ஏற்றினால் பலம் இறங்கத் தொடங்கும். அலுமினியத்துக்குக் குறைந்த சூட்டில் க்யூர் ஆகும் பவுடரைக் கேட்டு வாங்குங்கள்.

16. ஓவன்ல இருந்து எடுத்தா ஊசி குத்தினமாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு. பவுடர் மட்டமா?

பெரும்பாலும் பவுடர் காரணமில்லை. இரும்பின் நுண்துளைகளில் தங்கிய காற்று, ஈரம், எண்ணெய் சூட்டில் விரிந்து, உருகிய பூச்சைக் குத்திக்கொண்டு வெளியே வருகிறது. வார்ப்புப் பாகங்களிலும், ஏற்கெனவே துத்தநாகக் குளியல் போட்ட பிரேம்களிலும் இது அதிகம். பவுடர் அடிக்கும் முன் வெறும் பிரேமை க்யூர் சூட்டைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக வைத்து ஒருமுறை சூடேற்றுங்கள். வர வேண்டியது எல்லாம் அப்போதே வந்துவிடும்.

இந்த முன்சூடு இன்னொரு உதவியும் செய்கிறது. ஒருமுறை ஓவன் கதவைத் திறந்தபோது, குறுக்குக் குழாயின் வெல்டிங்கிலிருந்து பழுப்பு எண்ணெய் ஒரு கோடாக வழிந்து நின்றது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல். பவுடர் அடித்த பிறகு அது தெரிந்திருந்தால் மொத்த வேலையையும் மறுபடி செய்திருக்க வேண்டும். விரிசலும் வெளியே தெரிந்திருக்காது.

17. அப்போ கோட்டிங் போட்டா விரிசல் மறைஞ்சிடும்னு சொல்றது உண்மையா?

உண்மை. பூச்சு கொஞ்சம் நெகிழும் தன்மையுள்ளது. அடியில் இரும்பு விரிந்தாலும் மேலே கொஞ்ச காலம் படலம் முழுதாகவே தெரியலாம். அதனால் பிளாஸ்டிங் முடிந்ததும் சஸ்பென்ஷன் மவுன்ட்டுகளையும் ஸ்டீயரிங் பாக்ஸ் இடத்தையும் டை பெனட்ரன்ட் என்ற சிவப்புச் சாயம் போட்டுச் சோதியுங்கள். சாயத்தைத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். பிறகு சாயத்தை முழுவதும் கழுவி, அந்த இடத்தை மறுபடி லேசாக பிளாஸ்ட் செய்துவிட்டே பவுடர்.

அடிக்கடி கடுமையாக ஓட்டுகிறவர்களுக்கு வெளிர் சாம்பல் நிறம் சொல்வேன். விரிசலிலிருந்து கசியும் துருக்கோடு அதில் பளிச்சென்று தெரியும். கறுப்பில் தெரியாது.

18. கிளாஸ் நல்லதா, மேட்டா, டெக்ஸ்சரா?

பார்வைக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். டெக்ஸ்சரில் கீறல் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அதன் பள்ளங்களில் படலம் மெல்லியது, சேறும் தங்கும். அடியில் பிரைமர் இருந்தால் மட்டும் டெக்ஸ்சர் போடுங்கள். பாதி கிளாஸ் கழுவ எளிது, என் விருப்பம் அதுதான்.

19. வீட்டுலயே பண்ண முடியுமா?

சின்ன பிராக்கெட்டுகளை முடியும். அதற்கென்று தனி மின்சார ஓவன் வேண்டும். ஒருமுறை பவுடர் வைத்த ஓவனில் பிறகு எந்தக் காலத்திலும் சமைக்கக் கூடாது. காஸ் ஓவன் வேண்டாம், 10-ஆம் பதிலில் சொன்ன தீ ஆபத்து இருக்கிறது. தூசிக்கான முகமூடி கட்டாயம். முழு பிரேமுக்கு வீட்டில் வழியில்லை. ஒரு முனையை மட்டும் ஹீட்டர் வைத்துச் சூடேற்றி, பிறகு அடுத்த முனை என்று செய்தால் நடுவில் பாதி வெந்த பட்டை ஒன்று நிச்சயம் நிற்கும்.

20. பட்டறையில இருந்து வந்ததும் நல்லா பண்ணிருக்காங்களான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

தடிமன் மீட்டர் வைத்து, தட்டையில் மட்டும் அளக்காமல் மூலைகளிலும் விளிம்புக்குப் பக்கத்திலும் அளக்கச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன்பே, பிரேமோடு சேர்த்து அதே இரும்பில் ஒரு சிறு தகட்டையும் பிளாஸ்ட் செய்து, கோட் செய்து தரச் சொல்லிவிடுங்கள். பிரேமைக் கீறிப் பார்க்க மனம் வராது, தகட்டைத் தாராளமாகக் கீறலாம். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சதுரங்கள் கீறி, டேப் ஒட்டி, ஒரே இழுப்பில் உரியுங்கள். ஒரு சதுரமும் வரக் கூடாது. பிறகு தகட்டை வளைத்துப் பாருங்கள். நன்கு க்யூர் ஆன பூச்சு இரும்போடு சேர்ந்து வளையும், தெறிக்காது.

21. கல் பட்டு ஒரு இடம் பெயர்ந்திடுச்சு. மறுபடி முழுசா போடணுமா?

வேண்டாம், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். பெயர்ந்த இடத்தின் ஓரத்தைக் கத்தியால் மெல்ல நெம்பி, பிடிப்பில்லாத பூச்சு எதுவரை இருக்கிறதோ அதுவரை எடுத்துவிடுங்கள். பெயர்ந்தது நகம் அளவு என்றால் எடுப்பது உள்ளங்கை அளவு ஆகலாம், தயங்க வேண்டாம். இரும்பு தெரியத் தேய்த்து, ஓரங்களைச் சரிவாக்கி, கிரீஸ் போகத் துடைத்து, இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் இரண்டு பாகம் கலக்கும் பெயின்ட். நிறம் கொஞ்சம் மாறும், ஆனால் துரு பரவுவது நின்றுவிடும். ஒவ்வொரு கடினப் பயணத்துக்குப் பிறகும் கழுவி, டார்ச் வைத்து ஒரு சுற்றுப் பாருங்கள். கழுவும்போது பிரஷர் வாஷர் முனையைப் பெயர்ந்த ஓரத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள். தண்ணீரே பூச்சைத் தூக்கிவிடும்.

22. போட்ட பிறகு ஒரு பிராக்கெட் வெல்ட் பண்ண வேண்டி வந்தா?

வெல்டிங் இடத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் பூச்சை முழுதாகத் தேய்த்து எடுத்த பிறகே வெல்ட். பூச்சு எரிந்தால் வெல்டிங்கில் ஓட்டை விழும், வரும் புகையும் நச்சு. துத்தநாக பிரைமர் இருந்தால் அந்தப் புகை காய்ச்சலே கொண்டுவரும். வெல்டிங் இயந்திரத்தின் எர்த் கிளிப்பையும் பூச்சு எடுத்த இடத்தில் மாட்டுங்கள். சூடு பரவி நிறம் மாறிய பகுதி வரை தேய்த்து, 21-ஆம் பதிலில் சொன்னபடி மூடிவிடுங்கள். உள்ளே வேக்ஸ் அடித்த குழாய் என்றால் அது உருகித் தீப்பிடிக்கலாம், பக்கத்தில் ஓர் ஆள் தீயணைப்பானோடு நிற்கட்டும். வேலை முடிந்ததும் அந்த இடத்துக்கு உள்ளே மறுபடி வேக்ஸ்.

இதனால்தான் வருகிற எல்லோரிடமும் ஒன்று கேட்பேன்: வின்ச், ராக் ஸ்லைடர், ஸ்பேர் டயர் மவுன்ட் என்று பின்னால் மாட்ட நினைப்பவை என்னென்ன? அவற்றின் பிராக்கெட்டுகளை இப்போதே வெல்ட் செய்து கொண்டுவாருங்கள்.

23. வேற இடத்துல போட்டது சரியில்ல. முழுசா உரிச்சுட்டு மறுபடி போடலாமா?

போடலாம். நல்ல பிடிப்புள்ள பவுடரை பிளாஸ்டிங்கில் எடுப்பது கஷ்டம். மணிகள் ரப்பரில் பட்டது மாதிரி எகிறும், நேரம் பிடிக்கும். ரசாயனத்தில் ஊறவைத்து உரிப்பது வேகம். ஆனால் மெத்திலீன் குளோரைடு கலந்தவை மூச்சுக்கு மிக ஆபத்து, அதை வீட்டில் முயலாதீர்கள். மேலும், தகடு தகடாகப் பொருத்தி வெல்ட் செய்த மடிப்புகளுக்குள் ரசாயனம் புகுந்து தங்கி, புதுப் பூச்சை உள்ளிருந்து கொப்புளமாக்கும். எரித்து உரிக்கும் ஓவன்கள் 350 டிகிரிக்கு மேல் போகும். வெறும் இரும்புப் பிரேமுக்குச் சரி, ஸ்பிரிங், அலுமினியம், பலமேற்றிய பாகம் எதையும் அதில் வைக்கக் கூடாது.

உரிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். பெயர்ந்த ஒரு துண்டை எடுத்து முதுகைத் திருப்பிப் பாருங்கள். துரு ஒட்டியிருந்தால் பிளாஸ்டிங் போதவில்லை. நீல ஓடு இருந்தால் வெட்டு முகம் தேய்க்கப்படவில்லை. பிரைமரின் நிறம் இல்லாமல் சுத்தமாக இருந்து, அடியில் பிரைமர் பிரேமிலேயே நின்றால் 13-ஆம் பதிலைப் பாருங்கள். பிரைமரே இல்லாமல் வெறும் இரும்பு தெரிந்தால், போடவே இல்லை. அந்தத் துண்டை ஒரு கவரில் போட்டு, அடுத்து வேலை செய்யப்போகிறவரிடம் பிரேமோடு சேர்த்துக் கொடுங்கள்.